கடைசி மூன்று செக்கன்களும் இரண்டு எறிதல்களும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் ஐந்து, பெண்கள் கூடைப்பந்தைப் பற்றியும் போட்டி நேரத்தில் மனத்தையும் கையையும் பிடிக்கும் இறுக்கத்தைப் பற்றியும் இருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். பீடங்களுக்கு இடையிலான கூடைப்பந்து இறுதிப் போட்டியில் எங்கள் அணி ஒரு புள்ளி பின்னால் நின்றது. மூன்று செக்கன் மீதமிருக்க எனக்கு இரண்டு பிறீ துறோ (எதிரணியின் தவறுக்காக, கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிதல்) கிடைத்தன. இரண்டையும் தவறவிட்டேன். பயிற்சியில் நான்கு எறிந்தால் மூன்று விழும். அன்று கை என்னுடைய கை போலவே இருக்கவில்லை. ‘முழங்கையை உள்ளே வை, மணிக்கட்டை மடக்கு’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் எறிந்தேன். முதலாவது பந்து வளையத்தைத் தொடவே இல்லை. இப்போது அந்தக் கோட்டில் போய் நிற்கவே பயமாக இருக்கிறது. எனக்கு மனத்திடம் இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, மட்டக்களப்பு

பதில்: தங்கச்சி, உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். ‘முழங்கையை உள்ளே வை, மணிக்கட்டை மடக்கு’ என்று உங்களுக்குள் சொல்லிக்கொண்டதாகக் குறிப்பிட்ட அந்த வரிதான் அது. பல்லாயிரம் முறை எறிந்து பழகிய கைக்குச் சொற்கள் தேவைப்படுவதில்லை. கல்லடிப் பாலத்தில் நெரிசலுக்குள் சைக்கிள் ஓடிப் பழகியவர், ‘இப்போது வலக்காலை மிதிக்கிறேன், இப்போது இடக்காலை மிதிக்கிறேன்’ என்று எண்ணத் தொடங்கினால் என்ன ஆகுமோ, அதுதான் அன்று உங்கள் கைக்கும் ஆனது. அமெரிக்க உளவியலாளர் சியன் பைலொக்கும் அவரது சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கால்பந்தை உருட்டிச் செல்பவர்களிடம், பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே உருட்டுமாறு கேட்டார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அப்போது வழக்கத்தைவிடத் தடுமாறினார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கோ அந்தக் கவனம் உதவியது. எனவே அறிவுரை பிழையானதன்று, அது வந்த காலம்தான் பிழையானது. நீங்கள் முதல் வருடத்தில் எறியப் பழகியபோது அந்த வார்த்தைகள் உங்களைத் தூக்கிவிட்டன. மூன்றாம் வருடத்தின் இறுதி மூன்று செக்கன்களில் அவையே உங்கள் கையைப் பிடித்து நிறுத்தின.

உடலின் பங்கும் உண்டு. நெஞ்சு வேகமாக அடிக்கும்போது மூச்சு மேலேயே நின்றுவிடுகிறது; தோளும் முன்கையும் இறுகுகின்றன; நாற்பது நிமிடம் ஓடிய முழங்கால்கள் வழக்கமான அளவுக்கு மடங்க மறுக்கின்றன. பந்துக்கு உந்துதல் காலிலிருந்து வருகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே பதற்றத்தில் எறியப்படும் பந்து பெரும்பாலும் பக்கவாட்டில் விலகாமல் குட்டையாகவே போகும். முதலாவது பந்து வளையத்துக்கு முன்னாலேயே விழுந்ததன் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும். முழங்கையில் நீங்கள் தேடிய பிழை உண்மையில் முழங்காலில் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

இப்போது ஒரு சிறு கணக்கு. நான்குக்கு மூன்று எறியும் ஒருவர் இரண்டு எறிதல்களுக்காகக் கோட்டில் நின்றால், பதினாறு தடவைகளில் ஒன்பது தடவை இரண்டும் விழும். ஆறு தடவை ஒன்று மட்டும் விழும். ஒரு தடவை இரண்டுமே தவறும். இது எந்தப் பதற்றமும் இல்லாத, யாரும் பார்க்காத ஒரு பின்னேரத்துக்கான கணக்கு. இரண்டையும் தவறவிடும் அந்தப் பதினாறாவது தடவை ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் வந்திருந்தால், நீங்கள் பந்தைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த எறிதலுக்குப் போயிருப்பீர்கள். அது இறுதிப் போட்டியில் வந்தது. அதைக் கொண்டு உங்கள் மனத்தின் தன்மையை அளக்க முடியாது. அந்த நாற்பது நிமிடங்களில் உங்கள் அணியினர் அனைவருமாக எத்தனை எறிதல்களைத் தவறவிட்டார்கள் என்று ஆட்டப் பதிவுத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதற் காற்பகுதியில் ஆளில்லாத வளையத்தில் தவறிய ஒரு லே-அப் (வளையத்துக்குக் கிட்ட ஓடிச்சென்று இடும் எறிதல்) இரண்டு புள்ளி பெறுமதியானது. அதை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் அழுத்தத்தைப் பற்றிப் பேசும் எவரும் அரீக்கே ஒகுன்பொவாலேயைக் குறிப்பிடாமல் இருக்கமாட்டார்கள். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்காக விளையாடிய அவர், 2018 தேசிய அரையிறுதியில் கனெக்டிகட் அணிக்கு எதிராக மேலதிக நேரத்தின் கடைசிச் செக்கனில் எறிந்து 91–89 என்று வெற்றியைப் பெற்றுக்கொடுத்தார். இரண்டு நாட்கள் கழித்து நடந்த இறுதிப் போட்டியில், ஆட்டம் முடிய ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு மீதமிருக்க, மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மூன்று புள்ளி எறிதலைப் போட்டு 61–58 என்று கிண்ணத்தை வென்று கொடுத்தார். அழுத்தத்தில் அசையாதவர் என்று உலகம் அவரைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டு, 2019 இறுதிப் போட்டியில், பெய்லர் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 1.9 செக்கன் மீதமிருக்க, இரண்டு புள்ளி பின்னால் நின்ற நிலையில், அதே பெண்ணுக்கு இரண்டு பிறீ துறோ கிடைத்தன. முதலாவது தவறியது. 82–81 என்று நோட்டர் டேம் தோற்றது. பன்னிரண்டு மாதங்களில் அவருடைய மனத்திடம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. 2020இல் அவர் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைத் தொடரில் ஆட்டமொன்றுக்கு அதிக சராசரிப் புள்ளிகளைப் பெற்ற வீராங்கனையாக இருந்தார். மனத்திடம் என்பது ஒருவரிடம் இருக்கும் அல்லது இல்லாமற்போகும் பொருள் என்று நினைப்பதை நான் ஏற்கவில்லை. அந்த நினைப்பினால் நல்ல ஆட்டக்காரிகள் பலர் மைதானத்தை விட்டே போயிருக்கிறார்கள்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். சர்வதேச விதிப்படி, நடுவர் பந்தைக் கையில் தந்த பின்னர் எறிவதற்கு உங்களுக்கு ஐந்து செக்கன்களே உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் பத்து செக்கன் கொடுக்கிறார்கள்; ஆகவே அவர்களுடைய காணொளிகளில் காணும் நீண்ட சடங்குகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மூச்சை ஆற்றும் வேலை, பந்து கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். விசில் ஊதியதும் கோட்டுக்கு மெதுவாக நடந்து வாருங்கள். நடுவர் பந்தை வைத்திருக்கும்போதே, உள்ளே இழுத்ததைவிட இரு மடங்கு நேரமெடுத்து மூச்சை வெளியே விடுங்கள். பந்து வந்ததும் இரண்டு தட்டு, முழங்காலை மடக்குதல், வளையத்தைப் பார்த்தல், எறிதல். ஒவ்வொரு முறையும் இதே ஒழுங்கு; கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பார்வை முக்கியமானது. கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், பிறீ துறோ எறியும் தேர்ந்த பெண் ஆட்டக்காரர்களின் கண் அசைவைப் பதிவுசெய்து 1996இல் ஆய்வொன்றை வெளியிட்டார். நன்றாக எறிபவர்கள், கை அசையத் தொடங்குவதற்கு முன்னர் வளையத்தின் ஒரே இடத்தில் கண்ணை நிலைநிறுத்தி, அதை அங்கேயே சற்று நேரம் வைத்திருந்தார்கள்; குறைவாக எறிபவர்களின் பார்வை இடம் மாறிக்கொண்டிருந்தது. பின்னர் பல்கலைக்கழகப் பெண்கள் அணி ஒன்றுக்கு இந்தப் பார்வைப் பயிற்சியைக் கொடுத்தபோது, இரண்டு பருவங்களில் அவர்களுடைய எறிதல் வீதம் கணிசமாக உயர்ந்தது. நீங்கள் வளையத்தின் முன்விளிம்பின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது பின்விளிம்பை. எதுவானாலும் அதை மாற்ற வேண்டாம். வளையத்தின் விட்டம் 45 சென்ரிமீற்றர்; பெண்கள் பயன்படுத்தும் ஆறாம் இலக்கப் பந்தின் விட்டம் ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர். வாய் பந்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அகலமானது. கண்ணை அங்கே கொடுத்துவிட்டால், கையை உங்கள் கட்டளைகளிலிருந்து விடுவித்துவிடுகிறீர்கள்.

பயிற்சியையும் மாற்ற வேண்டும். தொடர்ந்து ஐம்பது எறிதல் எறிந்தால் கைக்குத் தாளம் கிடைத்துவிடும். போட்டியில் அந்தத் தாளம் கிடைக்காது. நன்றாக ஓடிக் களைத்த பின்னர், இரண்டே இரண்டு எறிதல் எறியுங்கள். பின் மீண்டும் ஓடுங்கள், மீண்டும் இரண்டு. தோழிகளை இரு பக்கமும் நிற்கச் சொல்லுங்கள், சத்தமிடச் சொல்லுங்கள். கச்சான் காற்று அடிக்கும் பின்னேரத்திலும், வெயில் கண்ணில் குத்தும் பக்கத்து வளையத்திலும் எறியுங்கள். எங்களுடைய திடல்களில் பல திறந்தவெளிச் சீமெந்துத் திடல்கள்தாம். ஒரு கொப்பியில் இந்த இரட்டை எறிதல்களை மட்டும் தனியாகக் குறித்து வாருங்கள். களைத்த நிலையில் உங்கள் உண்மையான கணக்கு நான்குக்கு மூன்று அல்ல, இரண்டுதான் என்று தெரியவரலாம். அதைத் தெரிந்துகொள்வது நல்லது. உயர்த்த வேண்டிய எண் அதுதான்.

கோட்டின் மீதுள்ள பயத்துக்கு அவசரப்பட வேண்டாம். வளையத்திலிருந்து இரண்டு மீற்றரில் தொடங்கி, ஐந்து தொடர்ந்து விழுந்ததும் ஓரடி பின்னால் வாருங்கள். கோட்டுக்கு வந்துசேர ஒரு கிழமை எடுத்தாலும் பரவாயில்லை.

கேள்வி: பெண்கள் அணி ஒன்றைப் பயிற்றுவிக்கிறேன். பிறீ துறோ தவறினால் முழு அணியையும் திடலைச் சுற்றி ஓடவைக்கிறேன். இதனால் போட்டி அழுத்தத்துக்குப் பழகுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் எறியவே முன்வருகிறார்கள் இல்லை.
– பயிற்றுநர், கல்முனை

பதில்: உங்கள் நோக்கம் சரியானது, பயிற்சியில் ஏதேனும் ஒன்று பணயமாக இருக்கவேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையின் தவறுக்காக மற்ற ஒன்பது பேரை ஓடவைத்தால், அந்தப் பிள்ளை பழகுவது எறிதலை அல்ல, தோழிகளின் முகங்களைப் பார்ப்பதை. பிறகு போட்டியிலும் அவள் வளையத்தைப் பார்க்கமாட்டாள். அந்த முகங்களைத்தான் பார்ப்பாள். பணயத்தை மறுபக்கம் திருப்புங்கள். இரண்டும் விழுந்தால் எல்லோருக்கும் அன்றைய கடைசி ஓட்டம் இல்லை. தவறினால் வழமையான ஓட்டம், அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்னொன்று: நேரம் கேட்டு அணியைக் கூட்டும்போது எறியப்போகும் பிள்ளைக்கு நுட்பம் எதையும் சொல்லாதீர்கள். ‘முழங்கையைப் பார்’ என்று அந்த நேரத்தில் சொல்வது எவ்வளவு தீங்கானது என்பதை மேலே எழுதியிருக்கிறேன். எறிதலுக்குப் பின்னர் யார் யாரைத் தடுக்கவேண்டும் என்பதைப் பேசுங்கள். பந்து விழுந்தாலும் தவறினாலும் ஆட்டம் தொடரும் என்பது, நீங்கள் தனியாகச் சொல்லாமலே அவளுக்கு விளங்கும்.

கேள்வி: போட்டிக்கு முன்னர் சக்தி பானம் குடித்தால் பதற்றம் குறையுமா?
– மாணவி, அம்பாறை

பதில்: குறையாது. அவற்றிலுள்ள கஃபீன், ஏற்கெனவே வேகமாக அடிக்கும் நெஞ்சை இன்னும் வேகமாக்கும். கை நடுக்கத்தையும் கூட்டலாம். வழக்கமாகக் குடிக்கும் தேநீரைக் குடியுங்கள். போட்டி நாளில் புதியது எதையும் பரீட்சிக்க வேண்டாம்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். நான் ஹிஜாபுடனும் நீளக் கைச் சட்டையுடனும் விளையாடுகிறேன். விதி இடம் தருகிறது என்று தெரியும். ஆனாலும் திடலில் இறங்கியதும் எல்லோரும் என் உடையையே பார்ப்பதுபோல் இருக்கும். முதற் காற்பகுதி முழுவதும் பந்து கையில் ஒட்டாது. இரண்டாவதிலிருந்து சரியாகிவிடும். என்ன செய்வது?
– மாணவி, சாய்ந்தமருது

பதில்: வஅலைக்கும் ஸலாம். தலையை மூடும் உடைக்கு இருந்த தடையைச் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இல் நீக்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் முதல் அது நடைமுறையில் உள்ளது. அந்த மாற்றத்துக்காகப் போராடியவர்களுள் பில்கிஸ் அப்துல் காதிர் என்ற அமெரிக்க வீராங்கனை முக்கியமானவர். மசசூசெற்ஸ் மாநிலப் பாடசாலைக் கூடைப்பந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் குவித்து, பின்னர் மெம்பிஸ் பல்கலைக்கழகத்துக்கும் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் விளையாடியவர் அவர். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதற்பிரிவில் ஹிஜாபுடன் ஆடிய முதற்பெண். படிப்பு முடிந்து வெளிநாட்டில் தொழில்முறையாக ஆட நினைத்தபோது அந்தத் தடை அவருக்குக் குறுக்கே நின்றது. தடை நீங்கியபோது அவருடைய ஆட்டக் காலத்தின் நல்ல வருடங்கள் கழிந்திருந்தன. இன்று நீங்கள் அந்த உடையுடன் திடலில் நிற்பதற்கு வழிசெய்தவர்களில் ஒருவராக அவரை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

உங்கள் சிக்கல் முதற் காற்பகுதியோடு முடிந்துவிடுகிறது என்பது நல்ல அறிகுறி. ஆட்டத்தில் மூழ்கியதும் பார்வைகள் மறைந்துவிடுகின்றன. ஆகவே மூழ்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அணியினரைவிடப் பத்து நிமிடம் முன்னதாக, முழு ஆட்ட உடையில், பார்வையாளர் வந்து அமரும் நேரத்திலேயே திடலில் இறங்கி வியர்க்கும்வரை பந்து தட்டுங்கள். அவர்கள் பார்க்கட்டும், பார்த்துப் பழகுவது அவர்களுடைய வேலை. ஆட்டம் தொடங்கியதும் உங்களுக்கு முதல் வேலையாகத் தடுப்பாட்டத்தைத் தருமாறு பயிற்றுநரிடம் கேளுங்கள். எதிரணியின் ஒருத்தியின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நகரும்போது உங்களைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது. பயிற்சிக்கும் போட்டிக்கும் ஒரே துணியில் தைத்த ஹிஜாபை அணியுங்கள். ஊசி குத்தாமல் இறுக்கமாக நிற்கும் வகையானால், அதைச் சரிசெய்யக் கை மேலே போகாது.

கேள்வி: மகள் போட்டிக்கு முன்னர் ஒன்றும் சாப்பிடுவதில்லை. ‘பயப்படாதே, அமைதியாக இரு’ என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். தோற்றால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டாள். பெண்பிள்ளைக்கு ஏன் இந்தப் பந்து என்று உறவினர் கேட்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: சகோதரி, உறவினரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டு அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் 1891 டிசம்பரில் தோன்றியது. அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதை அதே மாநிலத்திலுள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். 1893 மார்ச்சில் அங்கே மாணவிகளின் முதலாவது போட்டி நடந்தது. பெண்கள் பிற்காலத்தில் வந்து இரவலாகப் பெற்ற விளையாட்டு அல்ல இது. மட்டக்களப்பில் கூடைப்பந்து என்றதும் புனித மிக்கேல் கல்லூரியின் ஆண் பிள்ளைகளையும், அவர்களைப் பயிற்றுவித்து நாடறியச் செய்து, 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போன அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹீபர்ட் அடிகளாரையும் நினைப்பார்கள். நினைக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் வளர்த்த அந்த ஆர்வத்தில் இந்த ஊரின் பெண்பிள்ளைகளுக்கும் பங்குண்டு. நிறுத்த வேண்டாம்.

‘அமைதியாக இரு’ என்பது மனத்துக்கு மிகக் கடினமான கட்டளை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடவும் மேடையில் பேசவும் கணக்குச் செய்யவும் வேண்டியிருந்தவர்களுள், ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். பயத்திலும் உற்சாகத்திலும் நெஞ்சு ஒரேமாதிரி வேகமாகத்தான் அடிக்கிறது. அந்த அடிப்புக்கு வைக்கும் பெயரை மாற்றுவது, அடிப்பையே நிறுத்துவதைவிடச் சுலபம். ஆகவே ‘பயமா?’ என்று கேட்காதீர்கள். ‘இன்றைக்கு எந்த அணியோடு?’ என்று கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு, போட்டிக்கு மூன்று மணித்தியாலம் முன்னர் இடியப்பமோ சோற்றுக் கஞ்சியோ சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். அதுவும் இறங்காவிட்டால் ஒரு வாழைப்பழத்தைப் பையில் வைத்துவிடுங்கள். எண்ணெயில் பொரித்தது வேண்டாம்.

தோற்ற நாளில், வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்; ‘நீ நன்றாகத்தான் ஆடினாய்’ என்றும் சொல்லாதீர்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் அதை அவள் நம்பமாட்டாள். குளிக்க வெந்நீர் வையுங்கள், சாப்பாட்டைப் போட்டு வையுங்கள். இரண்டு நாள் மௌனம் ஒரு பிள்ளை தோல்வியைச் செரிக்க எடுக்கும் நியாயமான காலம். அது இரண்டு கிழமையாக நீண்டாலோ, நித்திரையும் படிப்பும் கெட்டாலோ, உங்கள் பகுதி வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். அதுவரை, அடுத்த போட்டிக்கும் போய் அதே இடத்தில் உட்காருங்கள். கோட்டில் நிற்கும்போது அவள் உங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டாள், பார்க்கவும் கூடாது. ஆட்டம் முடிந்து தண்ணீர்ப் போத்தலைத் தேடும்போது பார்ப்பாள்.